எல்லையோரத்துப் பத்தாம் வகுப்பு



ஆண்டுதோறும் தேர்வு முடிவுகள் வந்ததும், பள்ளிப் படிப்பை முடித்த நம் சங்கத்துப் பிள்ளைகளின் படங்கள் இந்த இதழில் வெளியாவதை அறிவீர்கள். படத்தின் கீழே பெற்றோர் பெயர், மதிப்பெண், பரதநாட்டியமா கராத்தேயா என்ற விவரம் இருக்கும். இம்முறை ஆசிரியர் என்னிடம், "நீங்களும் உங்கள் பிள்ளைகளைப் பற்றி எழுதுங்களேன்" என்றார். "என் பெண் பள்ளி முடித்து இருபது வருஷம் ஆகிறதே" என்றேன். "அவரைக் கேட்கவில்லை. ஊரில் நீங்கள் விட்டுவிட்டு வந்த பிள்ளைகளைக் கேட்கிறேன்" என்றார். அதன் விளைவே இக்கட்டுரை.

மும்பைக்கு மகள் வீட்டோடு வந்து சேரும்வரை நான் கேரளத்தில் தமிழ்வழிச் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்தேன். 1985இல் இடுக்கி மாவட்டம் மூணாறு பக்கம் வேலையில் சேர்ந்தேன். பிற்பாதியில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவுக்கு மாறி, 2016இல் ஓய்வு பெற்றேன். கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளியா என்று இங்கே பலர் என்னிடம் வியப்போடு கேட்டதுண்டு. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது, திருவிதாங்கூரின் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களும், கொச்சியின் சித்தூரும், சென்னை மாநிலத்து மலபாரில் இருந்த பாலக்காடும் கேரளத்தோடு சேர்ந்தன. கோடு போட்டவர்கள் போட்டுவிட்டுப் போனார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தமிழர்கள் அங்கேயே இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காகக் கேரள அரசு பாடநூல்களைத் தமிழில் அச்சிடுகிறது. எஸ்.எஸ்.எல்.சி. தேர்வை மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய நான்கு மொழிகளிலும் எழுதலாம்.

2025ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் வீட்டு வேலையாக ஊரில் தங்கியிருந்தேன். என்னிடம் படித்த சிலர் இன்று அதே பள்ளிகளில் ஆசிரியர்களாக இருக்கிறார்கள். அவர்கள் அழைக்க, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் 'சென்ட் ஆஃப்' விருந்துகளுக்கும் பயிற்சி வகுப்புகளுக்கும் போய் வந்தேன். அங்கே கண்ட சிலரைத்தான் இங்கே அறிமுகப்படுத்துகிறேன். பதினைந்து வயதுப் பிள்ளைகள் விளையாட்டாகச் சொன்னதை அச்சில் ஏற்றுவதால் பெயர்களையும் பள்ளிகளையும் தவிர்த்திருக்கிறேன்.

ஒரு பாயிண்ட்

முதலில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண். தந்தை தென்னந்தோப்பில் கூலி வேலை. பள்ளியில் அவளுக்குக் 'கவிதை' என்றே பெயர். கேரளத்துப் பள்ளிக் கலைவிழாவான கலோல்சவத்தில் கதகளி, ஒப்பனை, மார்கம்களி என்று நூற்றுக்கணக்கான போட்டிகளுக்கு நடுவே தமிழ்க் கவிதை சொல்லும் போட்டியும் உண்டு. அதில் மூன்று ஆண்டுகளாகக் கலந்துகொள்கிறாள். பாரதியாரைச் சொல்ல ஆரம்பித்தால் சைக்கிளில் போகிறவர் இறங்கி நிற்பார்.

1957இல் எர்ணாகுளத்தில் தொடங்கிய விழா இது. வெற்றி பெறும் மாவட்டத்துக்கு நூற்றுப் பதினேழரைப் பவுன் தங்கக் கோப்பை. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த 63ஆவது விழாவில் திருச்சூர் 1008 புள்ளிகள் பெற்றுக் கோப்பையைத் தட்டிச் சென்றது. பாலக்காடு பெற்றது 1007. ஒரே ஒரு புள்ளி!

நம் பெண் மாவட்டப் போட்டியில் இரண்டாம் இடம். முதலிடம் பெற்றவர்தான் மாநிலத்துக்குப் போவார். ஆகவே திருவனந்தபுரத்தைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தாள். "வருத்தமாம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கென்னங்க சார் வருத்தம்? வருத்தப்பட வேண்டியது பாலக்காடு ஜில்லாங்க. அந்த ஒரு பாயிண்ட்டு எங்கிட்டத்தானுங்க இருந்துச்சு. என்னைய அனுப்பாம உட்டுட்டாங்க!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சென்ட் ஆஃப் அன்று நன்றியுரையைத் தமிழில் தொடங்கி, தலைமையாசிரியைக்காக மலையாளத்துக்குத் தாவி, மறுபடி தமிழுக்குத் திரும்பி முடித்தாள். தாவியது எந்த இடத்தில் என்று கேட்டவர்களுக்கே தெரியவில்லை.

தண்ணீர் விடுகிற பக்கம் அத்தை வீடு

அதே வகுப்பில் ஒரு பையன். வாயைத் திறக்க மாட்டான். கை மட்டும் பேசும். சமூக அறிவியல் கண்காட்சிக்கு அவன் செய்த மாதிரியைப் பாதுகாப்பாக வைத்திருந்தார்கள். மரப்பலகையின் மேல் களிமண்ணும் பிளாஸ்டிக் குழாயும் கொண்டு செய்த பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். ஆழியாற்று அணையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் அது மணக்கடவைத் தாண்டி, மூலத்தரைத் தடுப்பணையில் தேங்கி, கால்வாயில் இறங்கி, பச்சைத் தாள் ஒட்டிய வயலில் போய்ச் சொட்டும். ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று மொழிகளில் பெயர் எழுதியிருந்தான்.

1970இல் இரு மாநிலங்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் பகுதிக்கு வர வேண்டும். மழை மறைவுப் பகுதியான கிழக்குச் சித்தூருக்கு அதுதான் உயிர். தண்ணீர் குறைந்தால் சாலை மறியல், வந்தால் நடவு. இதையெல்லாம் நான் கரும்பலகையில் எழுதி ஆண்டுக்கணக்கில் நடத்தியவன். இவ்வளவு தெளிவாக யாருக்கும் புரியவைத்ததில்லை.

கண்காட்சி நடுவர் அவனிடம், தமிழ்நாடு ஒழுங்காகத் தண்ணீர் தருகிறதா, நீ யார் பக்கம் என்று கேட்டாராம். அதற்கு அந்த ஊமைச்சாமி சொன்ன பதிலை அவனுடைய டீச்சர் பெருமையோடு என்னிடம் ஒப்பித்தார்: "தண்ணி உடற பக்கம் எங்க அத்தை வீடுங்க. வாங்கற பக்கம் எங்க வீடுங்க. நான் யார்கூடச் சண்டைக்குப் போறதுங்க?"

மாநில அரசுகள் இரண்டும் இவனைக் கூப்பிட்டுப் பேசினால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

அட்டப்பாடியின் ஆட்டம்

பாலக்காடு மாவட்டத்திலேயே இருக்கிறது அட்டப்பாடி. எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்கள் கோயம்புத்தூர் வந்து ஆனைகட்டி வழியாக ஏறுவதும் உண்டு. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினரும், கொங்கு நாட்டிலிருந்து போய்க் குடியேறிய விவசாயிகளும் வாழும் மலை. இருளர் மொழியைக் காதில் வாங்கினால் நமக்குப் பாதி புரியும். மீதி புரிவதுபோல் இருக்கும். அட்டப்பாடி நஞ்சம்மாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 'அய்யப்பனும் கோசியும்' படத்தில் தம் இருளர் மொழிப் பாட்டைப் பாடி, 2022இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதில் சிறந்த பின்னணிப் பாடகியானவர்.

அங்கே நான் சந்தித்த பையனுக்கு நடனம் என்று தனியாக ஒன்று இருப்பதே தெரியாது. "ஊரில் சாமி கும்பிட்டால் ஆடுவோம், கல்யாணம் என்றால் ஆடுவோம், யாராவது செத்தாலும் ஆடுவோம். அதற்குப் போய் ஏன் சார் மார்க்?" என்று கேட்டானாம். கேள்வி நியாயமானது. ஆறு பதிற்றாண்டுகளுக்கு மேலாக நடந்துவந்த கலோல்சவத்தில் 2025ஆம் ஆண்டு விழாவில்தான் முதன்முறையாகப் பழங்குடியினரின் ஐந்து ஆட்டங்கள் போட்டிகளாகச் சேர்க்கப்பட்டன. மங்கலம்களி, பணியர் நடனம், இருளர் நடனம், பளியர் நடனம், மலைப்புலையர் ஆட்டம் என்பன அவை. கடைசி மூன்றும் நம் எல்லை மலைகளுக்கு உரியவை. இருளர் அட்டப்பாடிக்காரர்கள், பளியரும் மலைப்புலையரும் இடுக்கிக்காரர்கள்.

ஆண்டுதோறும் மேடை கட்ட நாற்காலி தூக்கியவன் அந்த ஆண்டு மேடைக்கு நடுவில் நின்றான். பள்ளி அளவில் பயிற்சி கொடுக்க ஆசிரியர் யாருக்கும் தெரியாததால் அவனுடைய பாட்டியைப் பள்ளிக்கு அழைத்து வந்தார்கள். பாட்டிக்குத் தலைமையாசிரியர் அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்ததை அவன் மூன்று முறை சொன்னான். பரிசு என்ன கிடைத்தது என்று நானாகக் கேட்ட பிறகுதான் சொன்னான்.

கொழுந்து மலையின் கமாண்டர்

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடாத மாவட்டங்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து மூணாறு போக எங்களுக்குச் சுலபமான வழி பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போகத் தமிழ்நாட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். பேருந்தில் உறங்கிவிட்டால் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்று டீக்கடைப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூணாற்றில் என்னை வரவேற்றது ஒரு சல்யூட். பள்ளியின் மாணவர் போலீஸ் படையில், அதாவது எஸ்.பி.சி.யில், படைத்தலைவியாக இருந்த பெண். கேரளத்தில் 2010இல் தொடங்கிய இந்தத் திட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் நடையையே மாற்றியிருக்கிறது. நான் வேலை பார்த்த காலத்தில் லயத்திலிருந்து வரும் பெண் பிள்ளைகள் கேள்வி கேட்டால் மேசையைப் பார்த்துத்தான் பதில் சொல்லும். இவள் என் கண்ணைப் பார்த்துப் பேசினாள்.

தாயார் கொழுந்து பறிப்பவர். 2015 செப்டம்பரில் மூணாற்றில் தேயிலைத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கி வைத்து, இருபது சதவீதப் போனஸ் கேட்டு ஒன்பது நாள் சாலையில் அமர்ந்து வென்றது உங்களுக்கு நினைவிருக்கலாம். 'பெம்பிளை ஒருமை' என்று நாடு முழுதும் பேசப்பட்ட அந்தப் போராட்டத்தில் இவள் தாயாரும் இருந்தார்.

"அப்ப எனக்கு ஆறு வயசு சார். அம்மா கோஷம் போட்டுச்சு. நான் பக்கத்துல உக்காந்து வடை தின்னேன். யாரோ ஒரு போலீசக்கா வாங்கிக் குடுத்தாங்க."

அந்தப் போலீசக்கா யாரென்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் காக்கிச் சட்டையின் மீது ஆசை வந்தது அன்றைக்குத்தானாம். அந்த ஆசை உறுதியானது வேறொரு நாளில். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடி டிவிஷனில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டார்கள். மண்ணைத் தோண்டப் போனவர்களில் இவள் தந்தையும் ஒருவர். திரும்பி வந்து இரண்டு நாள் அவர் பேசவில்லை என்றாள். அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது முதலுதவி, கயிறு கட்டுதல், கூட்டத்தை ஒழுங்குபடுத்துதல் என்று எதைச் சொல்லிக் கொடுத்தாலும் முதல் ஆளாக நிற்கிறாள் என்று பொறுப்பாசிரியை சொன்னார்.

கோல் கீப்பரின் கொள்ளுத்தாத்தா

அவள் வகுப்புத் தோழன் ஒருவன் பள்ளிக் கால்பந்து அணியின் கோல் கீப்பர். மூணாற்றுத் தோட்டங்களுக்கிடையே நடக்கும் ஃபின்லே ஷீல்டு பந்தயம் வந்துவிட்டால் டிவிஷனுக்கு டிவிஷன் உறவு முறியும். இவன் தந்தையும் தம் எஸ்டேட்டுக்கு ஆடியவர். பந்து இவன் கையில் ஒட்டிக்கொள்ளும், கணக்கு ஒட்டாது. "முப்பது மார்க்கு போதும் சார். அதுக்கு மேல எடுத்தா கணக்கு வாத்தியாருக்கு நெஞ்சு வலி வந்துரும்" என்பான்.

இவனுக்கு அண்ணன் ஒருவன். 2020 மார்ச்சில் தேர்வுகளை நடுவில் நிறுத்தி ஊரடங்கு வந்தபோது குடும்பத்தோடு தேனிப் பக்கம் சொந்த ஊரில் மாட்டிக்கொண்டான். மே 26ஆம் தேதி மீதித் தேர்வுகள் தொடங்கியபோது பாஸ் வாங்கி, போடிமெட்டு வழியாக மலையேறி, முகக்கவசத்தோடு போய் எழுதினான். அவன் தேறியதைத் தம்பி இன்னும் தங்கக் கோப்பை வாங்கியதுபோல் சொல்கிறான்.

இத்தனை கலகலப்பான பையன் ஒரு விஷயத்தில் மட்டும் வாடிப் போனான். மேற்படிப்புக்கும் உதவித்தொகைக்கும் சாதிச் சான்றிதழ் வேண்டும். பட்டியல் இனத்தவர் ஒரு மாநிலத்தில் அந்தச் சலுகையைப் பெற, குடும்பம் 1950ஆம் ஆண்டிலேயே அங்கு குடியிருந்ததாகக் காட்ட வேண்டும். கங்காணியின் பின்னால் மலையேறி வந்த கொள்ளுத்தாத்தாவிடம் என்ன பத்திரம் இருந்திருக்கும்? சொந்த மண் இல்லை. இருந்த லயமும் கம்பெனியுடையது. தோட்டத்துப் பழைய செக்ரோலில் அவர் பெயர் இருக்கிறதா என்று இவன் தந்தை அலைந்துகொண்டிருந்தார். இதே 1950ஆம் ஆண்டுக் கேள்விதான் தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் அ. ராஜாவின் தேர்தல் வழக்கிலும் எழுந்தது. 2021இல் சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்துக்கொண்டவர் அவர். அவருடைய வெற்றி செல்லாது என்று 2023இல் கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. 2025 மே 6ஆம் தேதி உச்சநீதிமன்றம் அதை மாற்றி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சட்டமன்ற உறுப்பினருக்காக வாதாட வக்கீல்கள் இருந்தார்கள். கோல் கீப்பருக்கு அப்பா மட்டும்தான்.

வெல்லமும் கணினியும்

திரும்பும் வழியில் மறையூரில் இறங்கினேன். கரும்பாலைக் கொப்பரையின் புகைக்கு நடுவே வளர்ந்த ஒரு பையன் அங்கே 'லிட்டில் கைட்ஸ்' என்னும் பள்ளிக் கணினிக் குழுவில் இருந்தான். 2018இல் தொடங்கிய குழு இது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லத்தைப் பற்றி அவன் ஓர் அசையும் படம் செய்திருந்தான். அதில் வெல்ல உருண்டை ஒன்று கைகால் முளைத்து, போலி வெல்லத்தைத் துரத்துகிறது. தட்டச்சு கற்றுக்கொடுத்தது மலையாளத்தில். தமிழ் எழுத்துகளைத் தானே தேடிப் பழகிக்கொண்டிருக்கிறான். தாத்தாவுக்குப் படம் பிடித்ததா என்று கேட்டேன். "உருண்டை இன்னும் கொஞ்சம் கறுப்பா இருக்கணும்னு சொன்னாரு சார்" என்றான்.

ஆறாம் வேலை நாள்

நிற்க. இவ்வளவும் படித்து மகிழ்ந்த வாசகர்களுக்கு ஒரு கவலையையும் சொல்லியாக வேண்டும்.

2025 மே 9ஆம் தேதி முடிவுகள் வந்தன. மாநிலத்தின் தேர்ச்சி 99.5 சதவீதம். நான் சொன்ன பிள்ளைகள் அனைவரும் தேறினார்கள். கவிதைக்காரி எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ். கோல் கீப்பர் கணக்கு வாத்தியாரின் நெஞ்சைக் காப்பாற்றினான். தேறுவது இவர்களுக்குப் பெரிய மலையல்ல. அடுத்த படிதான் மலை. பதினொன்றாம் வகுப்புக்குப் போனால் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். வகுப்பில் விளக்கம் மலையாளத்தில். பத்து ஆண்டுகள் 'ஒளிச்சேர்க்கை' என்று படித்தவன் ஒரே கோடை விடுமுறையில் இரண்டு மொழி தாண்ட வேண்டும். பல பிள்ளைகள் தாண்டிவிடுகிறார்கள். சிலர் முதல் ஆறு மாதத்தில் வாயடைத்துப் போகிறார்கள். அதை நினைத்துப் பெற்றோர் ஒன்றாம் வகுப்பிலேயே ஆங்கில வழிக்கு மாற்றுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேரளத்தில் ஜூன் மாதம் பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடம் தீர்மானமாகும். தமிழ்ப் பிரிவில் சில பிள்ளைகள் குறைந்தால் ஒரு டீச்சர் போவார். டீச்சர் போனால் மேலும் பிள்ளைகள் போவார்கள். என் பழைய மாணவி ஒருத்தி இன்று ஆசிரியை. ஏப்ரல், மே வெயிலில் வீடு வீடாகப் போய், "அம்மா, இந்த வருஷம் நம்ம குட்டியை நம்ம ஸ்கூல்லயே சேர்த்திருங்க" என்று கேட்கிறாள். அவள் பள்ளியில் 2025இல் பத்தாம் வகுப்பை முடித்து வெளியேறியவர்களை விட ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் குறைவு. மும்பை மாநகராட்சியும் தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. நம்மில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் அவள் அலைச்சல் புரியும்.

வழி அடைந்துவிடவில்லை. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் முதுகலை வரை படிக்கலாம். தமிழ்வழி ஆசிரியர் பணியிடங்களுக்குக் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் தனியே தேர்வு நடத்துகிறது. பாலக்காட்டுப் பள்ளிப் பெஞ்சிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு நம் மும்பையிலேயே சான்று உண்டு. இந்நகரிலிருந்து கேரளம் செல்லும் கொங்கண் ரயில் பாதையைக் கட்டிய இ. ஸ்ரீதரனும், தேர்தல் ஆணையத்தை நாடறியச் செய்த டி.என். சேஷனும் பாலக்காடு பி.இ.எம். பள்ளியின் வகுப்புத் தோழர்கள். சேஷன் தமிழ்க் குடும்பத்தவர்.

கவிதைக்காரி மனிதவியல் பிரிவில் சேர்ந்தாள், ஆசிரியையாக வேண்டுமாம். அணை கட்டியவன் தொழிற்கல்விக்குப் போனான். கமாண்டர் அறிவியல் பிரிவு. அட்டப்பாடிப் பையனும் வெல்லக்காரனும் சொந்தப் பள்ளியிலேயே பதினொன்றாம் வகுப்பு. கோல் கீப்பரின் தந்தைக்குச் செக்ரோலில் பெயர் கிடைத்தது. ஆனால் எழுத்துப் பிழையோடு. அதைத் திருத்த மனு கொடுத்திருக்கிறார்.

விடைபெறும்போது கவிதைக்காரியிடம் மும்பையிலிருந்து என்ன வேண்டும் என்று கேட்டேன். உடையோ பேனாவோ கேட்பாள் என்று நினைத்தேன். "எங்க ஸ்கூல் லைப்ரரில தமிழ்ப் புஸ்தகம் பூராம் நான் படிச்சு முடிச்சுட்டேனுங்க சார். கீழ் கிளாஸ் பசங்களும் படிச்சு முடிச்சுருவாங்க. புதுசா குடுத்தனுப்புங்க" என்றாள்.

நம் வீடுகளில் பிள்ளைகள் படித்து முடித்த, அல்லது படிக்காமலே வைத்திருக்கும், நல்ல தமிழ்ப் புத்தகங்கள் இருந்தால் சங்க அலுவலகத்தில் என் பெயருக்குக் கொடுத்துவைக்க வேண்டுகிறேன். சிறுவர் கதைகள், கவிதைத் தொகுப்புகள், அறிவியல் நூல்கள் முக்கியம். அடுத்த பள்ளித் திறப்புக்கு ஊருக்குப் போகும்போது, ஆறாம் வேலை நாளுக்கு முன்பாகவே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன்.